அரிசி டின்னுக்குள் இருந்த பச்சைக் கல்

இரத்தினக்கல் வகுப்பில் சேர் ஆளுக்கொரு கல்லைக் கடதாசியில் மடித்து, பயிற்சிக்காக வீட்டுக்குத் தந்துவிட்டார். எனக்கு வந்தது கலங்கலான பச்சை. பார்த்த பார்வைக்கே சிர்கோன் என்று எழுதிவிட்டேன். அம்மா பொட்டலத்தை வாங்கி அரிசி டின்னுக்குள் புதைத்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் நகை, அடையாள அட்டை எல்லாம் அதற்குள்தான். படிப்புச் சாமான் என்று ஒன்று அந்த வீட்டுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை.

இரண்டு கிழமை கழித்து கல்லை வெள்ளவத்தை வகுப்புக்குக் கொண்டுபோய், ஒளி அதற்குள் எவ்வளவு வளைகிறது என்று காட்டும் முறிவுச்சுட்டியைப் பார்த்தேன். சிர்கோனுக்கு அது மிகக் குறைவு. சேர் கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கல்லருகே பிடித்தார். அது விடாமல் டிக்டிக் என்றது.

"எக்கனைட். கலவன் பொதியில வந்திருக்கு. பார்க்காமத் தந்தது என்ர பிழை."

இரத்தினபுரிப் பக்கத்துச் சரளையில் அரிதாகக் கிடைக்கும் சிலிக்கேற்றுக் கனிமம் அது. அணுக்கள் நாற்கோண ஒழுங்கில் அடுக்கப்பட்டுப் பிறந்தாலும், உள்ளிருந்து கதிர்வீசும் தோரியம் அந்த அடுக்கையே உடைத்து, பளிங்கைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். கல்லையே உடைப்பது வேறு எதைத்தான் விடும்?

"எங்க வச்சிருந்தீர், தம்பி?"

"அரிசி டின்னுக்குள்ள, சேர்."

"மச்சான், உங்கட வீட்டுச் சோறு இருட்டில மின்னுமே," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டின் பக்கம் தலைவைத்துப் படுப்பவள் அக்கா. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அதையும் சேரிடம் சொன்னேன்.

"சோத்துக்கு ஒண்டும் ஆகாது," என்றார் சேர். "தள்ளி இருந்தா கதிர் கெதியாக் குறையும். அக்கா படுக்கிற இடம் எவ்வளவு தூரமெண்டு அளந்து சொல்லும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் தையல் நாடாவோடு டின்னுக்கும் அக்காவின் பாய்க்கும் நடுவில் குனிந்தேன்.

"என்னடா, தொட்டில் செய்யப் போறியோ?" என்றாள் அக்கா.

நாலடி. போனில் சேர் கணக்குப் பார்த்தார். "பயப்பிடுற அளவில்லை. எண்டாலும் கிளினிக்கில சொல்லும்."

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல் இப்போது சேரிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். அப்படியும் அவள் பாயைச் சுருட்டி எதிர்ச் சுவரோரம் போட்டாள்.

"வியாழக்கிழமை கிளினிக்குக்கு நீயும் வா. அந்தக் கல்லின்ர பேர் என்ர வாயில வராது. மிஸ்ஸுக்கு நீயே சொல்லு."

கிளினிக்கில் இருக்கும் அந்தத் தாதி மிஸ்ஸுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். கதிர்வீச்சுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வியாழனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.