மாமா யுகுலேலே பார்க்கப் போன கதை

என் மாமாவுக்கு யுகுலேலே வாசிக்க வராது. இதைச் சொல்வதில் எனக்குச் சங்கடமே இல்லை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவே இதைத்தான் சொன்னது. தேனாம்பேட்டையில் அவர் வேலை பார்த்த ஆபீசில் ஓர் ஆங்கிலோ இந்தியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, போகிற போக்கில் மாமாவின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன வாத்தியம் அது. நாலே நாலு நைலான் தந்தி. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா சார், கிடாரு குட்டி போட்டுக்கீதா?" என்று கேட்டார். அம்மா அதற்குப் பெயரே வைக்கவில்லை. "அந்த டொய்ங்கை நிறுத்தச் சொல்லுடா" என்பதோடு சரி.

எனக்கோ அதன்மேல் உயிர். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மாமா ஆபீசிலிருந்து வருவதற்குள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். கீழ்த் தந்தியை வாத்தியத்தின் கழுத்தில் மூன்றாவது கட்டையில் மோதிர விரலால் அழுத்திக்கொண்டு நாலையும் ஒருசேர மீட்டினால் போதும், ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு முழு கார்டு பிறந்துவிடும். என் கையும் சின்னது, அதுவும் சின்னது. எனக்காகவே செய்த வாத்தியம் தெரியாமல் மாமாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நம்பினேன்.

ஒரே குறை, அதன் முறுக்காணிகள் நிற்காது. சுருதி சேர்த்து ஒரு பாட்டு முடிப்பதற்குள் தந்தி இறங்கிவிடும். "இது தேறாதுடா. நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கணும். வாங்கினதும் இது உனக்குத்தான்" என்றார் மாமா. அவ்வளவுதான், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

கடை மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுப் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் மாமா முகத்தில் பவுடரும் மேலே டெரிலின் சட்டையுமாக என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். கடைக்காரருக்குக் கிடார், மாண்டலின் பழுது பார்ப்பதுதான் தொழில். கல்கத்தாவிலிருந்து வந்த யுகுலேலேக்கள் நாலைந்து சுவரில் தொங்கும். அவற்றை எடுத்துக் காட்டி விளக்கம் சொல்வது அவருடைய மகள். நல்ல வாத்தியத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்த அக்காதான் சொல்லிக்கொடுத்தார். தந்தியைச் சும்மா மீட்ட வேண்டும். அப்புறம் பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தி மீட்ட வேண்டும். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே பிசகாமல் பேச வேண்டும். பேசாவிட்டால் அது எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

மாமா தலையாட்டிக் கேட்பார். "இன்னொரு தடவை அழுத்திக் காட்டுங்க" என்பார். அக்கா காட்டுவார். கடைசியில், "யோசிச்சுட்டு வரேங்க" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அடுத்த சனிக்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். எனக்கே மனப்பாடமாகிவிட்ட சங்கதி, பி.காம் படித்த மனுஷனுக்கு ஏன் மண்டையில் ஏறவில்லை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொறுக்க முடியாமல் அம்மாவிடம் போனேன். "அந்த அக்கா எல்லாத்தையும் வாசிச்சு வாசிச்சுக் காட்டுறாங்கம்மா. இவர் சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்துடறாரு. நீ வந்து சொன்னாதான் வாங்குவாரு."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "எந்த அக்கா?" என்றாள்.

மாமாவுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காவான என் அம்மாதான் வளர்த்து ஆளாக்கியவள். அவள் காட்டிய பெண்ணுக்கெல்லாம் மாமா ஏதாவது நொட்டை சொல்லிக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த சனிக்கிழமை அம்மாவும் எங்களோடு கிளம்பினாள். பட்டுப் புடவை. பையில் பழம், ஒரு பந்து மல்லிகைப் பூ. கடைக்குப் போய்விட்டு அப்படியே கோயிலுக்குப் போகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் மாமா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். வேர்த்து வேர்த்து பவுடரெல்லாம் கழுத்துக்கு இறங்கிவிட்டது.

கடை வாசல்படியில் அம்மா நின்றுவிட்டாள். உள்ளே சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், அதன் முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அதைப் பார்த்தாள். அப்புறம் மாமாவைப் பார்த்தாள். மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயையோ, இவள் திரும்பிவிட்டால் என் யுகுலேலே போச்சே! கையைப் பிடித்து இழுத்தேன். "உள்ள வாம்மா, அங்கதான் மாட்டியிருக்கு!" பிள்ளை இழுத்த இழுப்பில் அம்மா உள்ளே வந்தாள்.

கடைக்காரர் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா உட்கார்ந்து, அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். வாத்தியத்தை அவள் பார்க்கவே இல்லை.

"நீ ஒண்ணு வாசிச்சுக் காட்டும்மா."

அக்கா ஒரு யுகுலேலேயை எடுத்தார். வழக்கமாக வெண்ணெய் மாதிரி ஓடுகிற விரல் அன்றைக்குத் தந்திக்குத் தந்தி தடுக்கியது. இரண்டாவது வரியிலேயே கார்டு தப்பிப்போய்க் கர்ரென்றது. மாமா முகத்தில் ஈயாடவில்லை. வாத்தியம் மட்டமானது என்று அம்மா முடிவுகட்டிவிடப் போகிறாளே என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"வாத்தியம் நல்லாத்தான்மா இருக்கு!" என்று கத்தினேன். "இந்த அக்காதான் தப்பா வாசிக்கிறாங்க!"

மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அக்கா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "பையன் சொல்றது சரிங்கக்கா. தப்பு என் மேலதான். பயத்துல கை ஓடலை" என்றார்.

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்ப் பையிலிருந்த பூவைக் கிள்ளி, அக்காவைத் திருப்பி நிறுத்தி, தலையில் வைத்தாள். பழத்தையெல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டாள். காபி குடித்தோம். கிளம்பினோம். யுகுலேலே சுவரிலேயே தொங்கியது.

பஸ்ஸில் நான் விசும்பிக்கொண்டே வந்தேன். முன் சீட்டில் அம்மா, "மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

"சொன்னா வந்திருப்பியாக்கா?"

"மாட்டேன்தான்" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் மாமா பழைய யுகுலேலேயை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "வச்சுக்கடா. இனிமே உனக்குத்தான்." புதுசு வாங்காமலே பழசைக் கொடுக்கிறார்! ஏமாந்த துக்கத்தில் மனுஷர் வாசிக்கும் ஆசையையே விட்டுவிட்டார் என்று புரிந்துகொண்டேன். எனக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது.

"கவலைப்படாதீங்க மாமா" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். "அடுத்த சனிக்கிழமை நாம வேற கடைக்குப் போய்ப் பார்க்கலாம்."

"ஐயோ சாமி, வேணவே வேணாம்டா!" என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டார். சமையலறையில் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வாரம் அலைந்தும் வெறுங்கையோடு வந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.