நான் கண்ட பிறை காயல்பட்டினத்தில் செல்லாது

1913 ஆவணியில் யாழ்ப்பாணத்தில் என் தங்கைக்குக் கல்யாணம். வியாழக்கிழமை காலை முகூர்த்தம். நான் அவளுக்கு ஒரே அண்ணன். அக்கினிக்கு முன்னால் அவள் கையில் பொரி எடுத்து வைக்க வேண்டியவன். பாளையங்கோட்டையில் வாத்தியார் வேலை பார்க்கும் இலங்கைக்காரனான நான், சீர்ப் பாத்திரங்களோடு ஊர் போய்ச் சேர்ந்த கதை இது. இந்த வழியில் போக எண்ணுகிறவர்கள் படித்துவிட்டு வேறு வழியில் போகலாம்.

தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் இறங்கி, ரயில் பிடிப்பதுதான் எல்லாரும் போகிற வழி. போகிற இடமெல்லாம் பித்தளை அண்டாக்களை ஏற்றி இறக்க என் சம்பளம் தாங்காது. காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவரின் தோணி நேரே யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைக்குப் போகிறது. காற்று சரியாக இருந்தால் ஒன்றரை நாள். நோன்புப் பெருநாள் மதியம் தோணி கிளம்பும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். திங்கள் மாலை சந்திர தரிசனம். பிறை கண்ட மறுநாள்தான் பெருநாள். அப்படியானால் செவ்வாய் பெருநாள், புதன் இரவு யாழ்ப்பாணம். கணக்கு கச்சிதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை மாட்டுவண்டி பிடித்தேன். ஏறக்குறைய முப்பது மைல், வாடகை மூன்று ரூபாய். ஆழ்வார்திருநகரியில் இரவு தங்கி, திங்கள் மாலை காயல்பட்டினம் சேர்ந்தபோது இடுப்பு என்னிடம் இல்லை. ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேற்கே பனைகளுக்கு மேல் பார்த்தபடி நின்றது. வானம் முழுக்க மேகம். நானும் போய் நின்றேன். சட்டென்று மேகம் கையகலம் விலக, நகத்தை வெட்டிப் போட்டது போலப் பிறை தெரிந்தது. "அதோ!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்புவதற்குள் மேகம் மூடிக்கொண்டது.

பிறையை முடிவுசெய்கிற காழியாரிடம் என்னைக் கூட்டிப்போனார்கள்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீய, வாத்தியாரே. ஆனா எங்காளுக ரெண்டு பேரு கண்டு சாட்சி சொல்லணும்" என்றார்.

"சந்திரன் எல்லாருக்கும் ஒன்றுதானே?"

"சந்திரன் ஒண்ணுதான் வே. நோன்பு எங்களுதுல்லா!"

பெட்டியைத் திறந்து பஞ்சாங்கத்தைக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்தே போட்டிருப்பேன்.

ஆக, செவ்வாயும் நோன்பு. சாப்பாட்டுக் கடை ஒன்றும் திறக்கவில்லை. மரைக்காயர் வீட்டுப் பெண்கள், எச்சில்கூட விழுங்காதவர்கள், எனக்காகப் புதுப் பானையில் சோறும் பருப்பும் பொங்கி அனுப்பினார்கள். மரைக்காயர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை விசிறினார். பசியோடு விசிறுகிற மனிதரை எப்படித் திட்டுவது? அதுவே எரிச்சலாக இருந்தது.

அன்று மாலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பிறை தடித்து, உயரத்தில் நின்றது. காழியார் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நேத்தே இருந்திருக்கும் போல" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை தொழுகை முடிந்ததும் புதுச்சட்டையும் அத்தருமாக வந்து, முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னைக் கட்டித் தழுவினார்கள். கல்யாணச் சேதியை மரைக்காயரிடம் அப்போதுதான் சொன்னேன். "ஏலே, வாத்தியாரு தங்கச்சிக்கு நாளைக்குக் கல்யாணமாம். பெருநாச் சோத்தைத் தோணியில வச்சுத் தின்னுக்கிடலாம், ஏறுங்கலே!" என்று ஆட்களை விரட்டினார். வருஷத்துக்கு ஒருநாள் வீட்டோடு உட்கார்ந்து உண்ண வேண்டியவர்கள், முகம் சுளிக்காமல் தோணியில் ஏறிப் பாய் விரித்தார்கள். அவர்கள்மேல் இருந்த கோபம் அத்தோடு போயிற்று. சந்திரன்மேல் இருந்தது போகவில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெருநாளை ஒட்டி எந்த ஏற்பாடும் செய்யாதீர்கள். செய்தால் ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் எதுவானாலும் போன அன்றே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பிறை பார்க்க நின்றால் இருபுறமும் இரண்டு முஸ்லிம்களை நிறுத்தி, அவர்கள் கண்ணை மேற்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வியாழன் இரவு வீடு போய்ச் சேர்ந்தபோது பந்தலில் வாழைமரம் வாடிக்கிடந்தது. பொரியைப் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்து வைத்தானாம். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"ஏன் பிந்தினனி?" என்று அப்பா கேட்டார்.

"திங்கட்கிழமை பிறை காணேல்லை எண்டு தோணியை விடேல்லை, ஐயா."

"நீயும் காணேல்லையோ?"

"கண்டனான்."

"அப்ப, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமெல்லே?"