அப்துல் பாரி வீட்டு டிவியும் கண்மாய்க் கரி மூட்டமும்

வீரசோழன் அப்துல் பாரி ஏழு ஹஜ் காலத்தில் ஹாஜிகளெல்லாம் கூடும் அரஃபா மைதானத்தில் நின்றவர். ஒரு தடவைகூட ஹஜ் செய்தவர் இல்லை. கேட்பவனுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். அவர் சவூதியில், தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டினார். ஹஜ் வந்துவிட்டால் கம்பெனிக்காரன் லாரிகளை அங்கே அனுப்பிவிடுவான். ஜனமெல்லாம் வெள்ளைத் துணியில் கை ஏந்தி நிற்கும்போது இவர் காக்கிச் சட்டையோடு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருப்பார். ஹஜ் என்றால் அதற்கென்று நினைத்து, அனுமதி வாங்கி, அந்தத் துணியை உடுத்தி நிற்கவேண்டும். வேலைக்குப் போனவன் வேலைக்குப் போனவன்தான்.

கூட இருந்த டிரைவர்கள் லீவு போட்டு ஒவ்வொருவராக முடித்துக்கொண்டார்கள். இவர் முடிக்கவில்லை. கல்யாணம் ஆன வருஷமே ரசூல் பீவியிடம், போனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம் என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லுக்காக இருபத்தாறு வருஷம் பொறுத்தார். ஊர் திரும்பிய பிறகு இந்த வருஷம்தான் ஹஜ் குலுக்கலில் இரண்டு பேருடைய பெயரும் சேர்ந்து வந்தது. மாசி மாதம் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இடது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது. பயணம் கூடவே கூடாது என்றார் டாக்டர்.

"நீயாச்சும் ஒன் தம்பியோட போயிட்டு வா" என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். ரசூல் பீவி அக்கா பயணத்துக்கென்று புதிதாக வாங்கிய பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன்பிறகு இரண்டு பேருக்கும் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அரஃபா நாள் அன்று அங்கே நடப்பதை முழுக்க டிவியில் நேரலையாகப் பார்ப்பது. உட்கார்ந்த இடத்திலேயே சேர்ந்து கை ஏந்தி துவா கேட்பது. மகன் முஸாஃபர் குவைத்திலிருந்து அதற்காகவே பெரிய டிவி வாங்க ஏற்பாடு செய்தான். நெட்டு லைன் கொடுத்தவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கூலி வேலை பார்த்து, கேபிள் இழுத்து, இப்போது கண்ணாடி இழை இழுக்கிறேன்.

அரஃபாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்கா போன் செய்தார்.

"முனீசு, டிவி ஓட மாட்டேங்குது. நடுவுல வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது."

போனேன். அப்துல் பாரி பாய் ஒரு நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். என்னைப் பார்த்ததும் வாய் ஒரு பக்கமாக நெளிந்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏலே... ஒன் நெட்டு... என் வாய் மாதிரி ஆயிருச்சு. ஒரு வார்த்தை வந்தா... மறு வார்த்தைக்கு... நாலு நிமிசம்."

"சரி பண்ணிருவோம் பாய்."

"எதை?" என்றார்.

நெட்டுப் பெட்டி டிவிக்குப் பின்னால் இரும்பு ஸ்டாண்டில் அடைந்து கிடந்தது. வெளியே எடுத்து உயரத்தில் மாட்டினேன். வைஃபையை நம்பாமல் டிவிக்கு நேராக வயர் குத்தினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். வாசலில் லைன் வந்து சேரும் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டேன். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. கிளம்பி வந்தேன். மறுநாள் அதே வட்டம். பெட்டியையே மாற்றினேன். அதற்கும் மறுநாள் அதே வட்டம்.

போனில் பாருங்கள் என்று சொல்லவும் வழியில்லை. வீட்டுக்குள் டவர் கிடைக்காது. வாதம் வந்த பிறகு சின்ன எழுத்து, சின்ன முகம் எதுவும் பாய் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

அரஃபா அன்று காலை ஒன்பது மணிக்குப் போய் லைனில் மீட்டரை வைத்தேன். இழையில் வரும் வெளிச்சம் எவ்வளவு என்று அது காட்டும். நல்ல லைனில் எண் அசையாமல் நிற்கும். இது காற்று அடிக்க அடிக்கக் கீழே இறங்கி, காற்று நின்றதும் ஏறியது. வீட்டில் கோளாறு இல்லை. நான்கு நாளும் தப்பான இடத்தில் கையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மூணு மணிக்குள்ள குத்பா ஆரம்பிச்சிரும் முனீசு" என்றார் அக்கா. அரஃபா மைதானத்துப் பிரசங்கத்தைச் சொன்னார். நோன்பு வைத்திருந்தார். குரல் வறண்டிருந்தது.

லைனைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பாய் வீடு இருக்கும் கடைசித் தெருவுக்கு லைன் போகவேண்டுமானால் கண்மாய்க் கரையைச் சுற்றி எட்டுப் போஸ்ட் நடவேண்டும். நான் நடவில்லை. கண்மாய்க்குள் காடாகக் கிடந்த சீமைக் கருவேல மரங்களில் கட்டிக் குறுக்கே கொண்டுபோயிருந்தேன். நம் பக்கம் லைன் இழுக்கிறவர்களில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். போனால் அங்கே மரமே இல்லை. கண்மாய் மரம் ஏலம் போய், மூலையில் ஒரு பாகம் மொட்டையாகக் கிடந்தது. நடுவில், விறகை அடுக்கி மண் அணைத்துத் தீ வைத்த கரி மூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கம்பியாளம்மன் கோயில் அளவுக்கு உயரம். பக்கத்தில் மம்பட்டியோடு வீரணன். நானும் அவனும் ஒரு காலத்தில் ஒன்றாகக் கரி மூட்டம் போட்டவர்கள்.

"ஏலே வீரணா, இந்த மரத்துல கட்டியிருந்த என் வயரு எங்கடா?"

"பத்திரமா இருக்கு, பதறாத." முகம் நிறையப் பெருமையோடு சொன்னான். "மரத்தை வெட்டுனதும் தொங்குச்சு. ஆடு கடிச்சிரும், டிராக்டர் ஏறிரும்னு சுருட்டிப் பொதச்சு வச்சிருக்கேன். வேற எவனாயிருந்தாலும் அறுத்து வீசியிருப்பான்."

"எங்க பொதச்ச?"

மூட்டத்தின் அடியைக் காட்டினான். அணைக்கப்பட்ட மண்ணுக்குள்ளேயே வயர் போயிருந்தது. குனிந்து கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. காற்றடித்து மூட்டம் வேகும்போதெல்லாம் வயரின் உறை இளகி, உள்ளே இழை நெளிந்து, வெளிச்சம் குறைந்திருக்கிறது. தீ வைத்த நாளைக் கேட்டேன். அக்கா முதலில் போன் செய்த அதே நாள்.

"தோண்டி எடுத்துருவமா?" என்று அவனே கேட்டான். கேட்டவன் முகம் சரியில்லை. மண்ணைக் கிளறினால் உள்ளே காற்று போகும். காற்று போனால் மரம் கரியாகாது, சாம்பலாகிவிடும். இன்னும் நான்கு நாள் வேகவேண்டிய மூட்டம்.

"வேண்டாம்டா. ஒன் மூட்டத்தைத் தொடல. மரத்துல கட்டுனது என் புத்தி."

அப்துல் பாரி கதையைச் சொன்னேன். வீரணன் துண்டை உதறித் தலையில் கட்டினான். "அந்த ராவுத்தரா? அவுகளுக்கா?" என்றான்.

இரண்டு பக்கமும் வெட்டி, நடுவில் புது வயர் கொண்டுபோக வேண்டும். வெட்டினால் இப்போது விட்டு விட்டு வருவதும் வராது. மணி ஒன்று. வெட்டினேன். உடனே போன் அடித்தது.

"முனீசு, இப்ப வட்டங்கூட இல்ல. கறுப்பாயிருச்சு."

"நான்தான்க்கா அறுத்தேன்."

"சரிப்பா" என்றார்.

வயரைத் தூக்கி நிறுத்தக் கம்பு வேண்டும். அடுத்த மூட்டத்துக்கு அடுக்கியிருந்த விறகிலிருந்து உள்ளதில் நீளமாக ஆறு கம்புகளை வீரணன் உருவினான். ஒன்றுகூட நேராக இல்லை. குழி தோண்டி அவனே நட்டான். மூட்டத்தை விட்டு முப்பது அடி தள்ளிக் கொண்டுபோனோம். முதல் முனையை ஒட்டும் மிஷினில் வைத்தேன். பிடிக்கவில்லை. கரித்தூசி. மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடி, ஒரு தூசி இருந்தாலும் சேராது. மறுபடி சீவி வைத்தேன். மறுபடியும் பிடிக்கவில்லை. மணி இரண்டேகால்.

வீரணன் சாக்கை நனைத்துக்கொண்டு வந்தான். புகை வரும் பக்கம் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். மூட்டத்தில் ஒரு ஓட்டை பெரிதாகிப் புகை வெள்ளையாக வந்ததை நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். ஓடிப்போய் மண் அப்பவேண்டிய நேரம் அது.

"போடா, போய் அடை."

"நீ மொத ஒட்டுறா. வளவளன்னுக்கிட்டு."

பிடித்தது. அடுத்த முனையும் பிடித்தது. மீட்டரில் எண் ஏறி அசையாமல் நின்றது. சாக்கைப் போட்டுவிட்டு வீரணன் மம்பட்டியோடு ஓடினான். மேல் பக்கம் ஒரு பாகம் சாம்பலாகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அவன் என்னிடம் சொல்லவில்லை, இன்னொருவன் சொன்னான்.

வீட்டுக்குப் போனபோது மூன்றாக ஐந்து நிமிஷம். டிவியில் அந்த மைதானம் வந்திருந்தது. சும்மா வெள்ளையாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஜனம். நான் வாசல்படியில் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படம் நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. குத்பா முடிந்தது. தொழுகை முடிந்தது. அப்புறம் அந்த ஜனம் முழுக்கக் கை ஏந்த ஆரம்பித்தது.

பாய் வலது கையைத் தூக்கினார். இடது கை மடியிலேயே கிடந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். பின்னால் தொழுகை விரிப்பில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தார். செத்துக் கிடந்த அந்தக் கையைத் தன் இடது கையால் எடுத்து, அவர் வலது கைக்குப் பக்கத்தில் சேர்த்து ஏந்திப் பிடித்தார். தனக்கென்று மிச்சம் இருந்த ஒற்றைக் கையைத் தனியாக ஏந்தினார்.

பாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். குழறியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஆமீன் சொன்னார்.

சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து வந்தேன்.