நெவில் ஸ்டாக்பூலின் மண்மேடு

என் தங்கை டெல்மா நெவில் ஸ்டாக்பூலைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு கிடையாது. பூப்போட்ட திரைதான். கேட்டால், "அடுத்த வாரம் போட்டுடறேன்" என்பான். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கான்பெராவுக்கு வேலைக்கே போய்விட்டார்கள். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. விருந்தாளிகள் குளிக்கும்போது சத்தமாகப் பாடுவது அந்த வீட்டு வழக்கம். நான் அங்கே குளிப்பதில்லை.

நெவில் கெட்டவன் இல்லை. அடுத்தவன் டிராக்டர் படுத்துவிட்டால் அதை எழுப்பி ஓடவைக்க மொனாரோ வட்டாரத்திலேயே அவனை விட்டால் ஆளில்லை. தன் வேலை என்று வந்தால்தான் பாதியில் நிற்கும். அப்படிப்பட்டவன் எங்கள் துப்பாக்கி கிளப் கூட்டத்தில் எழுந்து, "இதை என்கிட்ட விட்டுடுங்க" என்றபோது, செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு டீ புரை ஏறிவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் பழைய மைதானத்துக்குப் பின்னால் புது வீடுகள் வந்துவிட்டன. குண்டு போகிற திசையில் ஆட்கள் குடியிருந்தால் அங்கே சுடக் கூடாது. மூடிவிட்டார்கள். ஜூன் முடிவதற்குள் வேறு இடத்துக்கு அனுமதி வாங்காவிட்டால் கிளப் போய்விடும். கிளப் போனால் எங்கள் லைசென்ஸ் போகும், துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியதுதான். எனக்குப் பெரிய கவலை இல்லை, நான் சுட்ட குண்டு எந்த இலக்கையும் தொட்டதே கிடையாது. ஆனால் எங்கள் கிளப் உறுப்பினர் கெல்வின் கதை வேறு. மனைவி போனபிறகு அந்த மனிதன் வீட்டைவிட்டு வெளியே வருவதே சனிக்கிழமை எங்களோடு சுடுவதற்குத்தான்.

"நெவில் கையில கொடுத்தா முடிஞ்ச மாதிரிதான்" என்றான் கெல்வின். "நான் இப்பவே துப்பாக்கியைத் துணியில சுத்தி வெச்சிடறேன்."

"பாத்துட்டே இரு மாப்ளே" என்றான் நெவில்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தடவை நெவில் நிஜமாகவே வேலை செய்தான். பின்பக்கம் குன்றை ஒட்டியிருந்த தன் மேய்ச்சல் நிலத்தைத் தேர்ந்தெடுத்தான். சுற்றியிருந்த நிலத்துக்காரர்கள் எல்லாரிடமும் நேரில் போய்ச் சம்மதம் கேட்டான். சாப்பாட்டு மேஜையில் விதிமுறைப் புத்தகத்தைக் குழம்புச் சட்டிமேல் சாய்த்து வைத்துப் படித்தான். வேலி போட்டான், எச்சரிக்கைப் பலகை நட்டான், சிவப்புக் கொடிக்குக் கம்பம் நிறுத்தினான். கொடி ஏறியிருந்தால் சுடுகிறார்கள் என்று அர்த்தம், ஒருவரும் உள்ளே வரக் கூடாது.

குண்டுகளைத் தாங்க இலக்குகளுக்குப் பின்னால் பெரிய மண்மேடு வேண்டும். நெவில் குளத்தைத் தூர்வாரி, கல் இல்லாத மெத்தென்ற மண்ணை மலைபோலக் குவித்தான். மழையில் கரையாமலிருக்கப் புல் விதைத்தான். பார்க்கவே அழகாக இருந்தது. அந்த அழகுதான் வினையாயிற்று.

"ஏங்க, மெத்து மண்ணு, மேல பச்சைப் புல்லு, பக்கத்துல ஓடை" என்றாள் டெல்மா. "வளை தோண்டற வாம்பேட்டுக்கு மாளிகை கட்டறீங்களா?"

"அதெல்லாம் வராதுடி. அது ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கற சாதி."

சாதி பார்க்காமல் அடுத்த மாதமே ஓடையைத் தாண்டி வந்தது. கொழுத்த பன்றிக்குட்டி அளவு உடம்பு, கரடி முகம், யாரையும் சட்டை செய்யாத நடை. மேட்டின் இடது ஓரத்தில் வளை தோண்டிக் குடியேறிவிட்டது. வாம்பேட்டைச் சட்டப்படித் தொடவும் கூடாது, துரத்தவும் கூடாது. அது தானாகவே போகட்டும் என்று நெவில் வளைப்பக்கம் ரேடியோவை வைத்து நாள் முழுக்கக் கிரிக்கெட் வர்ணனை ஓடவிட்டான். அது இன்னும் நன்றாகத் தூங்கியது.

கடைசியில் நெவில்தான் இறங்கிவந்தான். இடது ஓரத்து இரண்டு இலக்குகளைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பகுதியைக் கம்பி கட்டிப் பிரித்தான். எட்டு இலக்கு ஆறாயிற்று; பலகை எண்களை மட்டும் மாற்றவில்லை, மூன்றிலிருந்து எட்டுவரை அப்படியே இருந்தன.

"கம்பி வாம்பேட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுலயும் நம்பிக்கையே இல்ல மார்ஜ்."

ஜூன் கடைசி வாரம் பரிசோதனைக்கு வந்தார் சார்ஜென்ட் ரோவினா டைக். சிரிக்காத பெண்மணி. மேட்டை அளந்தார், வளையை எட்டிப் பார்த்தார், பலகைகளைப் படித்தார். பிறகு, "சுட்டுக் காட்டுங்க. அதையும் பாத்தாதான் கையெழுத்து. அஞ்சு மணிக்கு நான் வேற ஊர்ல இருக்கணும். இனிமே வர்றதுன்னா ஜூலைலதான்" என்றார்.

கொடி ஏறியது. ஆறு பேர் சுடுவதற்குக் குப்புறப் படுத்தார்கள். கெல்வின் நடுவில். நெவில்தான் அன்றைக்குத் தளப் பொறுப்பாளர். காதடைப்பை மாட்டிக்கொண்டு, சுடச் சொல்ல வாயைத் திறந்தான்.

வாம்பேட் வெளியே வந்தது. கம்பிக்கு அடியில் நுழைந்து, மூன்றாவது இலக்குக்கு முன்னால் நின்று, புல் மேய ஆரம்பித்தது.

"நிறுத்து!" என்று நெவில் போட்ட சத்தத்தில் கொட்டகைக் கூரைமேலிருந்த கலா கிளிகள் பறந்துபோயின. "எல்லாரும் தோட்டாவை எடு! துப்பாக்கியைத் திறந்து கீழ வை! பின்னால வா!"

எல்லாரும் பின்னால் வந்து நின்றோம். அது மேய்ந்தது. சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தார். டெல்மா கோதுமை ரொட்டியும் டீயும் கொண்டுவந்தாள். வாம்பேட் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது.

கெல்வின் நெவில் காதில் முணுமுணுத்தான். "மாப்ளே, அது மூணாவதுகிட்ட நிக்குது. நான் எட்டாவதைச் சுடறேன். ஒரே ஒரு குண்டு. அந்தம்மா போயிடுவாங்கடா."

"முடியாது."

"என் துப்பாக்கி போயிடும்டா. அப்புறம் சனிக்கிழமை நான் எங்கடா போறது?"

நெவில் முகம் வெளுத்துவிட்டது. அவன் கெல்வினைப் பார்க்கவில்லை, புல்வெளியையே பார்த்தான். "உள்ள உசுரு நிக்கும்போது யாரும் சுடக் கூடாது. எவ்வளவு தள்ளி நின்னாலும் சரி. உனக்குத் தெரியாதா மாப்ளே?"

கெல்வின் தள்ளிப்போய் நின்றுகொண்டான். எனக்கு அந்த வாம்பேட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. நெவில்மேலும் கோபம் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையை முடிக்கப் போனான், அதுவும் வாசற்படிவரை வந்து நின்றுவிட்டதே என்று.

சார்ஜென்ட் டீக் கோப்பையை வைத்துவிட்டு, "நேரமாச்சு" என்று காருக்கு நடந்தார். நெவில் பின்னாலேயே போனான், தூக்குக்குப் போகிறவன் மாதிரி. நாங்களும் போனோம். அவர் கார் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து ஏதோ எழுதி, கிழித்து நீட்டினார்.

நெவில் வாங்கிப் படித்தான். திரும்பவும் படித்தான். "நாங்க சுட்டே காட்டலையே மேடம்?"

"சுடறதை எல்லாரும்தான் காட்டுவாங்க" என்றார் அவர். "போன வாரம் ஒரு இடத்துல கங்காரு குறுக்க வந்துது. சீக்கிரம் சுட்டு முடிச்சிடலாம்னு சொன்னாங்க. அவங்களுக்குக் கையெழுத்து இல்ல. ஆறு இலக்குக்கு அனுமதி போட்டிருக்கேன். வளைப்பக்கம் ஒண்ணும் நடக்கக் கூடாது." காரில் ஏறிப் போய்விட்டார். கடைசிவரை சிரிக்கவில்லை.

கெல்வின் வந்து நெவிலின் தோளைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவில்லை. நெவிலுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். ஏன் மறைக்க வேண்டும், அந்த நிமிடம் அவன் என் தங்கை புருஷன் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

"முதல் குண்டு என்னுது!" என்று கத்திக்கொண்டு கெல்வின் துப்பாக்கியை நோக்கி ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள்.

"டேய்! ஒருத்தனும் தொடக் கூடாது!" என்று அலறினான் நெவில். "அது இன்னும் அங்கதாண்டா மேயுது!"

இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, கொடியை இறக்கி வீட்டுக்குப் போனோம். எங்கள் புதுத் தளத்தின் முதல் நாளில் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை.