வெயில் நாளுக்கும் மூன்று கிலோ

எனக்குக் கோபம் வந்தால் கால் சும்மா இருக்காது. அன்றைக்கு அது என்னைக் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தியது.

விடுமுறைக்கு ஊருக்கு, அக்கரப்பத்தனைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். கொழும்பில் மூளைச் செல்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன். அந்தச் செல்களின் மேற்புறத்தில் ஏற்பிகள் இருக்கின்றன. மருந்து போய் ஏற்பியில் ஒட்டினால் செல்லுக்குள் சேதி போகும். சேதி போனால் செல் ஒளிரும்படி செய்திருந்தேன். புதிய மருந்து ஒன்றுக்கு அவை பளிச்சென்று ஒளிர்ந்தன. என் முதல் கட்டுரை திங்கட்கிழமை ஆய்வுப் பத்திரிகைக்குப் போக வேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அம்மா கொழுந்து எடுப்பவர். ஒரு வாரமாக மழையே இல்லை, ஆனாலும் இலையில் ஈரம் என்று தினமும் நிறையில் மூன்று கிலோ கழிக்கிறார்கள் என்று புலம்பினார். மறுநாள் சாயந்தரம் நிறுவைக்கு நானும் போனேன்.

"ஐயா, மழை நாளைக்கும் மூணு கிலோ, வெயில் நாளைக்கும் மூணு கிலோவா?" என்று நிறை எழுதும் கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன்.

"எப்பவும் கழிக்கிறதுதாங்க."

"அன்னன்னைக்கு ஈரத்தப் பார்த்துல்ல கழிக்கணும்? ஒரு நாள் பார்த்தத எல்லா நாளைக்கும் போட்டா அது என்ன கணக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் என் ஆராய்ச்சிக் கணக்கு நினைவுக்கு வந்தது. மருந்து போடாவிட்டாலும் செல்கள் கொஞ்சம் ஒளிரும். அதை ஒவ்வொரு நாளும் அளந்து கழிக்க வேண்டும். நான் ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு, அது மாறவா போகிறது என்ற சோம்பலில் அதே எண்ணை எல்லா நாட்களுக்கும் போட்டிருந்தேன். அவர் கூடுதலாகக் கழித்தார். நான் குறைவாகக் கழித்திருந்தால், அந்தப் பளிச்சே பொய்.

கணக்கப்பிள்ளை யோசித்துவிட்டு, "சரிங்க, காஞ்ச நாளைக்கு ஒரு கிலோ கழிக்கிறேன்" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்த எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

லயத்து வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதும்மா."

நான் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு கட்டுரையை அனுப்பியிருக்கலாம். மறுநாள் கொழும்புக்குத் திரும்பும் வழியில் கினிகத்தேனையில் பஸ் நின்றதும் இறங்கி, பேராசிரியருக்குப் போன் போட்டு, கட்டுரை வேண்டாம், முதலிலிருந்து செய்கிறேன் என்றேன். அவர் எத்தனை மாதம் ஆகும் என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

ஐந்து மாதம் ஆனது. தினமும் மருந்து போடாத செல்களைத்தான் முதலில் அளந்தேன். ஒரு நாள்கூட விடவில்லை. வேலை முடிந்த வாரம் அம்மா போனில் பேசினார்.

"இங்க வெயில் நாளைக்கு ஒரு கிலோதான் கழிக்கிறாங்க. ஒன் கணக்கு என்னாச்சு?"

"அந்தப் பளிச்சுல பாதிக்கு மேல போயிருச்சும்மா."

"மிச்சம்?"

"மிச்சம் நெசம்."