சிபியு போடும் சத்தம்

வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள் என் டீம் லீடர் போன் செய்தாள்.

"நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா பின்னாடி என்னமோ ஓடிக்கிட்டே இருக்கே, கிரைண்டரா?"

கம்ப்யூட்டர் என்றேன். பயிற்சி மாதம் முடிவதற்குள் அந்தச் சத்தத்தை ஏதாவது செய்துவிடும்படி சொன்னாள். ஒவ்வோர் அழைப்பையும் கேட்டு மதிப்பெண் போடுகிறார்களாம். பின்னணிச் சத்தத்துக்கென்று தனியாகக் குறைக்கிறார்களாம். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு கூரியர் கம்பெனிக்கு வரும் புகார்களை வீட்டில் இருந்தபடியே கேட்டுப் பதில் சொல்லும் வேலை அது. அதற்கு முன் ஐந்து வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றேன். என் கணவர் இறந்த பிறகு போகவில்லை. கம்பெனி பஸ் அவர் விபத்தில் இறந்த இடத்தைத் தாண்டித்தான் போகும், அதனால்தான் நின்றுவிட்டேன் என்று எங்கள் ஊர் வடக்குப்பட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. விடியற்காலையில் எழுந்து, யூனிஃபார்ம் மாட்டி, எட்டு மணி நேரம் நிற்க உடம்பு வரவில்லை. அவ்வளவுதான். உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது, எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் அவருடையது. எங்கோ மூடிய ஆபீஸில் இருந்து பழைய பெட்டி ஒன்றை வாங்கி, அவரே பாகங்களை மாற்றி மாற்றிப் போட்டது. அவர் அதில் படம் பார்ப்பார், கார் ரேஸ் ஆடுவார். ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்திருப்பார் என்பதால் பெட்டியின் சத்தம் எங்களுக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது ஸ்பீக்கர் கிடையாது. என் காதில் ஹெட்செட், எதிரே இரும்பு மேஜை, அதன் மேல் அந்தப் பெட்டி. ஆன் செய்தால் முதலில் ஒரு சீறல், பிறகு கரகரவென்று ஓர் இழுப்பு, அதற்குள் ஒளிந்தபடி மேஜையின் நடுக்கம்.

அழைத்தவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். "ஏம்மா, மில்லுக்குள்ள உக்காந்து பேசுறியா?" என்றார் ஒரு பெரியவர். அவருக்கு வரவேண்டிய பார்சல் ஒன்பது நாளாக வரவில்லை. மன்னிக்கவும் சார் என்றேன். மில்லுக்கா பார்சலுக்கா என்று எனக்கே தெரியவில்லை.

புது கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. கையில் இருப்பதை வைத்து முயன்றேன். பக்கவாட்டில் தட்டினேன். தட்டினால் ஐந்து நிமிடம் அடங்கும். பெட்டிக்கு அடியில் பழைய துண்டை மடித்து வைத்தேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, இழுப்பு குறையவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், பெட்டி முழுவதையும் கம்பளியால் சுற்றினேன். சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. நாற்பது நிமிடம் நிம்மதி. நாற்பத்தோராவது நிமிடம், ஒரு பெண் தன் முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. கம்பளியைப் பிரித்தபோது பெட்டி தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

அத்தை, அதாவது என் மாமியார், சாயந்திரம் கேன்டீன் வேலை முடிந்து வந்ததும் கம்பளியைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, அதுக்கு குளிரா?"

சொன்னேன். அவள் கால் கழுவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அந்தப் புள்ளைய கூப்புட்டா வந்து பாக்கப் போறான்" என்றாள்.

அந்தப் பிள்ளை என்றது என் கணவரின் நண்பரை. இருவரும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் மெயின்டெனன்ஸில் இருந்தார்கள். மார்கழியில், நைட் ஷிப்ட் முடிந்து, காலைப் பனியில் ஒரே பைக்கில் வந்தபோதுதான் ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினார்கள். ஓட்டியவர் என் கணவர். பின்னால் இருந்தவர் தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். காரியத்துக்கு வர முடியவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

"வேணாம் அத்தை" என்றேன்.

"ஏன்?"

அவர் மேல் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. மறுநாள் கேன்டீன் இடைவேளையில் அத்தையே போன் செய்துவிட்டாள்.

அடுத்த நாள் எனக்கு வார விடுமுறை. அத்தையும் கேன்டீனில் இருந்து சீக்கிரமே வந்திருந்தாள். முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு அந்த நண்பர் வந்தார். கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அத்தை எட்டிப் பார்த்து, "உள்ள வாப்பா, வெளிய இன்னா நின்னுகினு கீற" என்றாள்.

உள்ளே வந்து முதலில் சுவரைப் பார்த்தார். என் கணவரின் படத்தை இன்னும் மாட்டவில்லை. சட்டம் போடக் கொடுத்தது கடையிலேயே இருக்கிறது. பார்க்க ஒன்றும் இல்லாததால் என்னிடம் திரும்பினார்.

"எது சத்தம் போடுதும்மா?"

"எல்லாம்தான் அண்ணா."

ஆன் செய்யச் சொன்னார். மேஜை முன் குந்தி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பின்பக்க ஃபேனின் சட்டத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். பேரிங் எது போயிருக்கிறது என்று கம்பெனியில் இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். என் கணவரும் ஒருமுறை வீட்டு மிக்ஸியில் இப்படி வைத்துப் பார்த்திருக்கிறார்.

அத்தை டீ கொண்டுவந்து அவருடைய வலப்பக்கம் நின்று, "தம்பி, டீ" என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னாள். காது கொடுத்துக் கேட்பதால் கவனிக்கவில்லை என்று நினைத்து, நான் டம்ளரை வாங்கி அவர் கண்ணுக்கு முன் நீட்டினேன். திடுக்கிட்டார்.

"அந்தப் பக்கம் கேக்காதும்மா. அன்னியிலேர்ந்து" என்றார்.

அத்தை சுற்றிவந்து அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தாள். அதன்பின் அவள் பேசியதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்துதான்.

அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். கரகர இழுப்பு பின் ஃபேனுடையது, எண்ணெய் வற்றிவிட்டது. சீறல் நடு ஃபேனுடையது. அதன் அடியில் தூசி அடைத்து, சூடு வெளியே போக வழியில்லாமல், எப்போதும் முழு வேகத்தில் சுற்றுகிறது. நடுக்கம் ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஸ்க்ரூ இல்லாததால் வருவது, அதை இரும்பு மேஜை பெரிதாக்குகிறது. "ஒரு சத்தம் இல்ல, மூணு. அதான் நீ என்ன பண்ணாலும் அடங்கல" என்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை வாசலுக்குத் தூக்கிப் போனோம். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டத் தட்ட, தூசி சாம்பல் நிறத்தில் ஒட்டடை மாதிரிப் பாளம் பாளமாக வந்தது. நடு ஃபேனின் கழுத்தில் நீளமாக முடி சுற்றியிருந்தது. என்னுடையதுதான். அந்த மேஜைப் பக்கம் உட்கார்ந்துதான் தலை வாருவேன். என் கணவருடைய முடி குட்டை. தூசியில் அவருடையது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

நான் ஸ்க்ரூக்களை ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் பின் ஃபேனின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்துக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

"அன்னிக்கு நான்தான் ஓட்டியிருக்கணும். போகும்போது அவன், வரும்போது நான். அதான் எப்பவும். எனக்கு தூக்கமா வருது, நீயே ஓட்டுன்னு பின்னால உக்காந்துட்டேன்."

அத்தை உள்ளே எண்ணெய் எடுக்கப் போயிருந்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். பரவாயில்லை அண்ணா என்றோ, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றோ.

"இந்த ஸ்க்ரூ சின்னதா இருக்கே, தனியா வைக்கவா?" என்று கேட்டேன்.

"வையி" என்றார்.

அத்தை தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவந்தாள். ஒரே ஒரு சொட்டு விட்டு, விரலால் ஃபேனைச் சுற்றிப் பார்த்து, ஸ்டிக்கரை ஒட்டினார். நடு ஃபேனுக்கு அடியில், சூட்டைக் கடத்துவதற்காக வைத்துக் காய்ந்து கிடந்த பசையைத் துடைத்துவிட்டு, தான் கொண்டுவந்த சின்ன ட்யூபில் இருந்து புதிதாக வைத்தார். வீட்டில் கிடந்த பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, ஹார்டு டிஸ்க் ஸ்க்ரூக்களுக்கு வளையமும் பெட்டிக்கு நான்கு காலும் செய்தார். பெட்டியை இரும்பு மேஜையில் வைக்காமல், சுவரை ஒட்டித் தரையில், ஒரு பலகை மேல் வைக்கச் சொன்னார். கடைசியாக ஆன் செய்யும்போதே ஏதோ ஒரு பட்டனை அழுத்தி, ஃபேன் வேகத்தைக் குறைவாக வைத்தார்.

சத்தம் முழுதாகப் போகவில்லை. பக்கத்து வீட்டில் டேபிள் ஃபேன் ஓடுகிற அளவுக்கு இருந்தது. அவர் இடது காதைச் சாய்த்து, "போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன்.

அத்தை அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். இன்னொரு நாள் என்றார். கேட்டருகே அத்தை அவருடைய இடப்பக்கம் போய் நின்று ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பயிற்சி மாதம் முடிந்தது. டீம் லீடர், "இப்ப ஓகே" என்றாள். வேலை நிரந்தரமானது. நான் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. அத்தையிடம் சொன்னேன். அவள் வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய்வரலாம் என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். கூட்டமாக இருந்தது. வந்துவிட்டோம்.

அதன்பின் ஒரு புதன்கிழமை மதியம். புதன்கிழமைதான் அத்தைக்கு வார விடுமுறை. நான் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பார்சல் உடைந்து வந்திருக்கிறது என்ற புகார். எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"உங்க பக்கத்துல யாராவது அழறாங்களாம்மா?"

ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை நகர்த்தினேன். சமையல் தடுப்புக்கு அந்தப் பக்கம், முறத்தில் அரிசி புடைக்கும் ஓசைக்கு நடுவே, அத்தை மெல்லிய குரலில் அழுதுகொண்டிருந்தாள். மகன் பெயரைச் சொல்லி, புடைத்து, மறுபடி சொல்லி. இத்தனை மாதமும் புதன்கிழமைகளில் அவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள் போல. வேலை கிடைக்கும் முன்பு நான் இங்கே உட்கார்ந்து படம் ஓடவிட்ட நாட்களிலும், அதன்பின் வேலை செய்த நாட்களிலும், அந்தப் பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கேட்கவில்லை. அவளும் கேட்காது என்று நம்பித்தான் அழுதிருப்பாள்.

"இல்ல சார், நீங்க நம்பர் சொல்லுங்க" என்றேன்.

அழைப்பை முடித்து, பத்து நிமிட இடைவேளை போட்டுவிட்டு எழுந்து போனேன். என்னைப் பார்த்ததும் அவள் நிறுத்திவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அத்தை."

"போன்ல இருந்தவனுக்குமா?"

"ம்."

"வேலைக்கு ஏதாவது ஆவுமா?"

"ஆவாது" என்றேன். ஆகுமா என்று எனக்குத் தெரியாது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு முறத்தை என் பக்கம் இழுத்துக் கல் பொறுக்க ஆரம்பித்தேன். அவள் மறுபடி அழத் தொடங்கினாள், இந்த முறை சத்தமாகவே. நான் இடைவேளையை இன்னும் பத்து நிமிடம் நீட்டித்தேன்.