கொய்யா வண்டியில் என் புத்தகம்

பழனி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் என் புத்தகம் விற்பனைக்கு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். விற்றது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

வண்டி ஆயக்குடிக்காரம்மா ஒருவருடையது. கொய்யா வரத்து இருந்தால் கொய்யா, குறைந்தால் புத்தகம். சமையல், கோலம், ஜாதகம், பிள்ளைகளுக்குப் படக்கதை. பழம் அடுக்கிய கை அல்லவா, புத்தகத்தையும் கோபுரமாகவே அடுக்குவார். யாராவது நடுவிலிருந்து ஒன்றை உருவினால், "மேல இருக்கறத எடுங்க, எல்லாம் ஒரே மரத்துப் பழந்தானுங்க" என்று அதட்டுவார். முதல் வாரம் வெயில் ஏறியதும் பழக்கதோஷத்தில் தண்ணீரும் தெளித்துவிட்டார். நான்கு கோலப் புத்தகங்கள் உப்பிப்போயின.

அவரிடம்தான் என் சிறுகதைத் தொகுப்பில் பத்துப் பிரதிகள் கொடுத்திருந்தேன். என் முதல் புத்தகம். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்ததில் எல்லாருமே அட்டையைப் பாராட்டினார்கள். உள்ளே போனவர் ஒருவரும் இல்லை. எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: என்னைத் தெரியாத யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அதைப் படிக்க வேண்டும். வேலை பழனியில், வீடு திண்டுக்கல்லில். தினமும் சாயங்காலம் பஸ் ஏறும் முன் வண்டிக்குப் போய், யாரும் பார்க்காதபோது என் புத்தகத்தைக் கோபுரத்தின் உச்சியில் வைத்துவிட்டு வருவேன். மறுநாள் அது ஓரத்தில் கிடக்கும்.

"என்ன, இன்னைக்கும் போயி மொறைச்சுப் பாத்துட்டு வந்தீகளா?" என்பாள் மனைவி.

ஒருநாள் போனால், பத்தில் இரண்டுதான் மிச்சம். எட்டு வாசகர்கள்! தலை கால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் சமையல் புத்தகம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கொசுறு போடுங்கக்கா" என்று கையை நீட்டினார். கடைக்காரம்மா யோசிக்கவே இல்லை. என் புத்தகத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

அந்தப் பெண் போனதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொசுறாவா குடுத்தீங்க? மூணு வருசம் உக்காந்து எழுதுனதும்மா அது!"

"ஏனுங்க கோவிக்கறீங்க? காசு குடுத்து வாங்குனது பையில போயிருமுங்க. கொசுறு கையில போகும். வூடு போறதுக்குள்ள கடிச்சுப் பாப்பாங்க. அதுல சொத்தையப் போட்டா மறுக்கா வருவாங்களா? நல்லதத்தான் போடோணும்."

கொஞ்சம் குளிர்ந்துபோனேன். "அப்ப நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"எனக்கேதுங்க நேரம்? மெலிசா, கைக்கு அடக்கமா இருக்குது. கொசுறுக்குத் தோதுங்க."

மிச்சமிருந்த ஒரு பிரதியையாவது காப்பாற்றலாமா என்று பார்த்தேன். கேட்காமலே பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அதே பெண். மடியில் பை. கையில் என் புத்தகம், விரித்தபடி. முதலில் அட்டையால் விசிறிக்கொள்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை, பக்கம் திரும்பியது. பஸ் ஆயக்குடியைத் தாண்டும்போது இன்னொரு பக்கம் திரும்பியது. ஓரிடத்தில் தோள் குலுங்கியது, சிரிக்கிறார். எந்த இடம் என்று தெரியாமல் தவித்தேன். எட்டிப் பார்த்ததில் பக்கத்து இருக்கைப் பெரியவரின் மேல் சாய்ந்து, "நேரா ஒக்காரப்பு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர்மேல் கோபமே வரவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

ஒட்டன்சத்திரம் வந்ததை அந்தப் பெண் கவனிக்கவில்லை. நடத்துநர் இரண்டு தடவை கத்திய பிறகுதான் பதறி எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பக்கத்துக்குள் ஒரு விரலை விட்டபடியே படியிறங்கிப் போனார்.